'சரி சார்' என்பது பொய்யா?

"சைட் கொஞ்சம் பளிச்சுனு இருக்கணும் தம்பி" என்கிறார் ஜவுளிக்கடை முதலாளி. "பண்ணிடலாம் சார்" என்கிறார் வெப் டிசைனர். அட்வான்ஸ் கை மாறுகிறது. மூன்று வாரம் கழித்து முதலாளி சொல்கிறார்: "நான் கேட்டது இது இல்லையே!"

யார் மேல் தப்பு?

பி.காம். படித்தவர்களுக்கு 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் ஞாபகம் இருக்கும். அதன் 13-வது பிரிவு சொல்வது ரொம்ப சிம்பிள். இருவரும் ஒரே விஷயத்தை, ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொண்டால்தான் அது சம்மதம். முதலாளிக்குப் 'பளிச்' என்றால் தீபாவளி பேனர். டிசைனருக்கோ, வெள்ளைப் பின்னணியில் நாலே வரி. இருவரும் தலையாட்டினார்கள், அவ்வளவுதான். சம்மதம் எங்கே வந்தது?

புரியாமல் தலையாட்டுவதைப் பணிவு என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு சின்னப் பொய். ஆனால், நஷ்டம் பெரிசு. ஒருவருக்கு மூன்று வார உழைப்பு போச்சு. இன்னொருவருக்கு அட்வான்ஸ் போச்சு.

அதனால் 'பளிச்'சை விடுங்கள். சைட்டுக்கு வருகிறவர் புடவை வாங்கணுமா, கடைக்கு வழி தெரிஞ்சுக்கணுமா? அதை முதலில் பேசுங்கள். போட்டோ யார் தருவது, எத்தனை தடவை திருத்தம், பாக்கிப் பணம் எப்போது... எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். டொமைன் கடைக்காரர் பேரில் இருப்பதுதான் நியாயம். அது கடையின் பெயர்ப்பலகை. வேலை முடிந்ததும் இழுத்தடிக்காமல் பாக்கியைத் தருவதும் அதே நியாயம்தான்.

"புரியலை சார், இன்னொரு தடவை சொல்லுங்க" என்று டிசைனர் கேட்டால் எரிச்சல்படாதீர்கள். உங்கள் காசை மதிக்கிறவர்தான் அப்படிக் கேட்பார்!