வெறும் மண்ணும் கொல்லாமையும்

உழவு உயிர்க்கொலையா என்பது இந்தியச் சமயங்களில் பழைய வழக்கு. கொழு மண்ணையும் அதில் வாழும் உயிர்களையும் புண்படுத்துகிறது என்று மனுநூல் உழவைப் பழிக்கிறது. சமண இல்லறத்தார் பலர் வணிகத்தை நாடியதற்கும் இந்த அச்சம் ஒரு காரணம். கொல்லாமையை முதல் அறமாக வைத்த வள்ளுவரோ உழவுக்குத் தனி அதிகாரமே தந்தார். அதில் 1038ஆம் குறள், ஏரோட்டுவதைவிட எருவிடுவது நன்று என்கிறது.

மலேசியாவில், பஹாங் மாநிலத்தின் கேமரன் மலையில் இந்த வழக்கு வேறு வடிவம் கொள்கிறது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டம் முதலாகத் தமிழர் உழைப்பில் வளர்ந்த தேயிலை, பல்லாண்டுப் பயிர். அதற்கு ஆண்டுதோறும் உழவு கிடையாது. இங்கே மண்ணுக்கு ஊறு, அது மூடப்படாமல் கிடப்பதால் வருகிறது. முதிர்ந்த செடிகள் மழையைத் தாங்கிக்கொள்ளும். இளங்கன்று நட்டபோதும் கவாத்து முடிந்தபின்னும் மழைத்துளி நேரே மண்ணில் அறையும். கவாத்துக் கழிவை அள்ளிப்போகாமல் நிரைகளுக்கிடையே பரப்பினால், சில மாதங்களில் அடியிலை கறுத்து மட்கும். வெள்ளைப் பூஞ்சை இழையோடும். மண்புழு மேலேறி வரும். மறுநடவுக்கு முன் கௌதமாலாப் புல்லை வளர்த்து, வெட்டி அங்கேயே போடுவது இலங்கைத் தோட்டங்களில் பழகிய முறை.

மலையின் காய்கறித் தோட்டங்களில் சிக்கல் கோழி எருவால் வந்தது. மட்காமல் இட்டால் ஈ மொய்க்கும், சத்து ஓடையில் கரையும். குவித்து, ஈரம் காத்து, புரட்டிவிட்டால் குவியலின் உட்சூடு 55 பாகை செல்சியசைத் தாண்டும். ஈப்புழுவும் நோய்க்கிருமியும் மடியும். அப்படியானால் எருக்குவியலும் கொலைக்களம்தானே என்று சமணர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த எரு விழுந்த மண்ணில் உயிர்கள் பன்மடங்காகப் பெருகுகின்றன. மூடாத மண்ணில் அவை அப்படிப் பெருகுவதில்லை.

ஊறு வயலோடு நிற்பதுமில்லை. மேட்டு நிலங்களில் அரித்த வண்டல், 1963இல் முடிந்த சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கத்தைத் தூர்த்துவந்தது. 2013 அக்டோபரில் பெருமழையின்போது அணைநீர் திறக்கப்பட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் மூழ்கின, உயிர்களும் போயின. கொழுவின் கீழ்ச் சாகும் புழுவைக் கணக்கில் எடுத்த அறநூல்கள் இந்தத் தொலைவு வரை பார்க்கவில்லை. கொல்லாமை விரதம் இங்கே மண்ணை மூடிவைக்கும் கடமையையும் சேர்த்தே கேட்கிறது. ஓராண்டுத் தற்காலிக உரிமத்தில் பயிரிட்டவர்கள் இம்மலையில் ஏராளம். எருவின் பலனைக் காணுமுன் நிலம் கைமாறிவிடலாம். ஆகவே அந்தக் கடமையை அவர்கள் தலையில் மட்டும் ஏற்றுவது முறையன்று. உரிமம் வழங்குவோருக்கும் மலைக்காய்கறி மலிவாக வேண்டுமென்போருக்கும் அதில் பங்குண்டு.