பெற்றோரின் நேர்ச்சையும் பிள்ளைகளின் கால்களும்



வருஷந்தோறும் ஆகஸ்டு 29-ந் தேதி வேளாங்கண்ணியிலே கொடியேறுகிறது. செப்டம்பர் 8-ந் தேதி, தேவமாதா பிறந்த நாளிலே, ஆரோக்கிய மாதாவின் பெருவிழா. இதற்கு நடுவே காவி உடுத்த ஜனங்கள் கடலோரச் சாலையிலே கால்நடையாய்ப் போவதை நாம் எல்லாரும் பார்க்கிறோம். தரங்கம்பாடியில் புறப்பட்டு, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் வழியாய்ப் போனால் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். வாலிபர்கள் ஒரு பகலும் ஓர் இரவுமாய் நடந்து முடிக்கிறார்கள். குழந்தைகுட்டிகளோடு போகிற குடும்பத்துக்கு நான்கு நாள் வேண்டும். வேண்டும் என்றுதான் சொல்லுகிறேன். எத்தனை பேர் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளுகிறார்கள்?

சென்ற ஆண்டு ஒரு தகப்பனார் மனைவியோடு வந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். மூத்த பிள்ளை கடும் ஜுரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "மாதாவே, பிள்ளையைத் திருப்பிக் கொடு, குடும்பத்தோடு நடந்து உன் சந்நிதிக்கு வருகிறோம்" என்று நேர்ந்துகொண்டாராம். பிள்ளை பிழைத்தது. அதற்கு அப்போது ஏழு வயது, இளையதுக்கு நான்கு. "சின்னது எப்படிச் சாமி நடக்கும்?" என்பது தாயாரின் கவலை. "நடப்பதாகச் சொல்லிவிட்டு வண்டியில் ஏற்றினால் மாதாவை ஏமாற்றினதாகாதா?" என்பது அவருடைய கவலை.

இது நகைக்கத்தக்க கேள்வியல்ல. அயலானிடம் வாங்கின கைமாற்றையே மறந்துவிடுகிற இந்நாளில், சர்வேசுரனுக்குக் கொடுத்த வாக்கை எண்ணி ஒருவன் தூக்கமிழப்பது நல்ல அடையாளம். ஆனால் வாக்கைக் காப்பாற்ற வேண்டியவர் யார் என்று முதலில் கேட்க வேண்டும். நேர்ச்சை அதைச் செய்துகொண்டவரை மட்டுமே கட்டும் என்று திருச்சபைச் சட்டம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லுகிறது. 1917-ம் ஆண்டுச் சட்டத்தொகுப்பிலும் அப்படித்தான் இருந்தது. 1983-ம் ஆண்டுத் தொகுப்பிலும் அப்படித்தான் இருக்கிறது. தகப்பன் நேர்ந்தது தகப்பன் கால்களைக் கட்டும். பிள்ளையின் கால்களைக் கட்டாது. மனைவியின் கால்களையும் கட்டாது. இதை நான் சொன்னபோது அவர் முகம் சற்றே மாறிற்று. அந்த அம்மாளோ, "நான் நடக்கமாட்டேன் என்று சொல்லவில்லையே சாமி, சின்னது நடக்காது என்றுதானே சொன்னேன்" என்றார்.

பிறர் முதுகில் சுமையேற்றி நேர்ந்துகொள்வது பழைய பழக்கம். யெப்தே என்கிற சேனாபதி, வெற்றியோடு திரும்புகையில் தன் வீட்டிலிருந்து முதலில் எதிர்ப்படுவதைப் பலியிடுவேன் என்று நேர்ந்தான். எதிரே வந்தவள் அவனுடைய ஒரே மகள். நேர்ந்தவன் அவன், விலை கொடுத்தவள் அவள். அவனை அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் புத்தியீனன் என்றே கண்டிக்கிறார்.

"பிள்ளையே சரியென்று சொல்லுகிறதே" என்பார்கள். ஏழு வயது நிறைந்த பிள்ளைக்குப் புத்தி விவரம் உண்டென்று சட்டம் கொள்ளுகிறது. அது மனமுவந்து தன் நடையை மாதாவுக்கு ஒப்புக்கொடுக்கலாம். அந்தக் காணிக்கை நம் காணிக்கையைவிட மேலானதாகவும் இருக்கலாம். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பயந்து சொல்லுகிற "சரி" எத்தகையது என்பது வீட்டிலுள்ளவர்களுக்குத் தெரியும்.

அப்படியானால் பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிடலாமா? வேண்டாம் என்பேன். விடியற்காலையில் கடற்காற்றிலே ஜெபமாலை சொல்லிக்கொண்டு நடப்பதையும், முன்பின் அறியாத பிற மதத்தார் வழியில் தண்ணீர் கொடுப்பதையும், தன் தகப்பன் களைத்துப்போயும் முணுமுணுக்காதிருப்பதையும் ஒரு பிள்ளை பார்த்தால், நான் ஒரு வருஷம் கற்பிக்கிற ஞானோபதேசத்துக்கு அது சமம். (இரவு முழுதும் ஒலிபெருக்கியை அலறவிட்டு வண்டி தள்ளிப்போகிறவர்கள் அதே பிள்ளைக்கு என்ன கற்பிக்கிறார்கள் என்பதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

ஆகையால் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் அவர்கள் நடைக்குப் போங்கள். யாக்கோபு தன் தமையன் ஏசாவைச் சந்தித்தபோது, ஏசா நானூறு ஆட்களோடு நின்று, சேர்ந்து போகலாம் வா என்றான். யாக்கோபு மறுத்தான். பிள்ளைகள் இளசுகள், ஒரே நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை மடிந்துபோகும், நீர் முன்னே போம், நான் இவர்கள் கால் நடக்கிற வேகத்திலே வருகிறேன் என்று சொல்லி அனுப்பினான். அவன் தேவதூதனோடு போராடியவன். பலமில்லாமல் அப்படிச் சொல்லவில்லை. நம் சாலையிலும் நானூறு பேர் முன்னே போகட்டும். நான்கு வயதுப் பிள்ளை தோளில் போகட்டும். தோளிலே சுமந்து நடப்பவன் தன் நேர்ச்சையில் ஓர் அடியும் குறைக்கவில்லை. எருசலேம் திருவிழாவுக்குப் பிள்ளைகள் வரவேண்டிய வயது எது என்று பழைய யூத வேதபாரகருக்குள்ளே ஒரு தர்க்கம் இருந்தது. தகப்பன் தோளில் உட்கார முடிந்தாலே போதும் என்றார் சம்மாய் கட்சியார். தகப்பன் கையைப் பிடித்து மலையேற முடிய வேண்டும் என்றார் இல்லேல் கட்சியார். தோள், அல்லது கை. தனியே பின்னால் ஓடிவரட்டும் என்று இருவருமே சொல்லவில்லை.

வேளாங்கண்ணிப் பாரம்பரியத்தை மறக்க வேண்டாம். நடுத்திட்டில் மோர் விற்ற முடச் சிறுவனை, நாகப்பட்டினத்துக்குப் போய்ச் செய்தி சொல் என்று மாதா அனுப்பினாள். பத்துக் கிலோமீட்டருக்கு மேலான வழி. நடக்கச் சொன்ன தாய் கால்களையும் கொடுத்தாள். அவன் எழுந்து ஓடினான். கொப்புளத்தோடு நொண்டுகிற பிள்ளையை இழுத்துக்கொண்டு அவள் சந்நிதியில் போய் நிற்பது அவளுக்குப் பிரியமாயிருக்குமென்று என்னால் நம்ப முடியவில்லை.

அந்தக் குடும்பம் நான்கு நாளில் போய்ச் சேர்ந்தது. காலை ஒன்பது மணிக்குமேல் தார்ச்சாலையில் கால் வைக்கவில்லை. சிறுபிள்ளைகளின் உடல் நம்மைவிடச் சீக்கிரம் சூடேறும். இருட்டிலும் நடக்கவில்லை, லாரிக்காரருக்குப் பிள்ளை தெரியாது.

இந்த ஆண்டு புறப்படுகிறவர்களுக்கு வரும் ஞாயிறு முதற்பூசைக்குப்பின் பிரயாண ஆசீர்வாதம் கொடுக்கப்படும். தங்கள் நேர்ச்சையை நிறைவேற்ற இயலாத நோயாளிகளும் கர்ப்பிணிகளும் சனிக்கிழமை மாலையில் என்னிடம் வரலாம். தகுந்த காரணமிருந்தால் அதை நீக்கவோ மாற்றவோ பங்குக் குருவுக்கு அதிகாரம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். அவர்கள் செருப்பை நான் பார்க்க வேண்டும்.