நாணமும் செருக்கும்

கோவை அரசு கலைக் கல்லூரியில் 2024 ஆகஸ்டு 9ஆம் நாள் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் தொடங்கி வைக்கப்பெற்றது. அரசுப் பள்ளிகளிலும், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியிலும் பயின்று உயர்கல்வி புகும் ஆண்மக்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்பது அதன் ஏற்பாடு. பெண்மக்களுக்குப் ‘புதுமைப் பெண்’ 2022இலேயே வந்துவிட்டது. அவிநாசியிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் விடியற்காலையில் பேருந்தேறி வரும் பிள்ளைகளுக்கு இது பேருதவியே. ஆயினும், வகுப்பறையில் அமர்ந்தபின் அவர்கள் படும் பாடு ஒன்றுண்டு. அதனைப் பணம் தீர்க்காது.

பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் பயின்றவன் முன்னே விரிவுரை ஆங்கிலத்தில் ஓடுகிறது. ‘விளங்கியதா?’ என்று ஆசிரியர் வினவ, எல்லாத் தலைகளும் அசைகின்றன. அவன் தலையும் உடன் அசைகிறது. அந்தத் தலையசைப்பு பொய்தான். நாவால் உரைத்தால் மட்டுமே பொய் என்று எவரும் வாதிடார். அப்பொய்க்குப் பொறுப்பாளி அவன் ஒருவன்தானா என்பதே நம் வினா.

நாணுபவரும் செருக்குடையவரும் இல்மை அடையார் என்பது தாபியீன்களுள் ஒருவரான முஜாஹித் அவர்களின் கருத்து. இமாம் புகாரி அதனைத் தம் நூலின் கல்விப் பகுதியில் சேர்த்துள்ளார்கள். இழப்பில் இருவரும் ஒப்பர். குற்றத்தில் ஒப்பார் என்பது நம் துணிபு. செருக்குடையவன் தன் கதவைத் தானே அடைத்துக்கொள்கிறான். நாணுபவனின் கதவையோ பெரும்பாலும் பிறர் நகைப்பு அடைக்கிறது.

நாம் ஓதச் சென்ற முதலாண்டில், நஹ்வு பாடத்தில் மூன்று மாதங்களை இவ்வாறே தலையசைத்துக் கழித்தோம். இரவில் தக்ரார் நடக்கும். அன்றைய பாடத்தை மாணவர்கள் ஒருவருக்கொருவர் திருப்பியுரைக்கும் வழக்கம் அது. ஓர் இரவு, ‘இன்று நீர் சொல்லும்’ என்று மூத்த மாணவர் ஒருவர் கிதாபை நம் பக்கம் தள்ளினார். நாம் திகைத்தோம். அவர் நகைக்கவில்லை, முதற்பக்கத்தைத் திருப்பினார். (நகைத்திருந்தால் மறுநாளே ஊருக்குப் பேருந்தேறியிருப்போம்.)

நேற்றைய பாடத்தை ஐந்து முறை, அதற்கு முந்தியதை நான்கு முறை என இறங்குமுகமாக மீள ஓதும் முறையை, ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே ‘தஃலீமுல் முதஅல்லிம்’ நூலில் ஸர்னூஜி வகுத்துள்ளார். இடைவெளி விட்டு மீள நினைத்தல் நெடுநாள் நிற்கும் என்று இக்கால உளநூலாரும் ஆய்ந்து கண்டுள்ளனர். தேர்வுக்கு முந்திய இரவில் மட்டும் விளக்கெரிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதனை எடுத்துரைப்பார் யார்?

பொறியியல் கல்லூரிகளில் புதியவர்க்கு மூன்று வாரப் புகுமுகப் பயிற்சி வேண்டுமென அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2017இல் வகுத்தது. நல்லதே. ஆனால் கொங்கு நாட்டு வீடுகளில் வந்தவரை ‘வாங்க’ என்று அழைத்தபின், உண்டாரா என்று கேளாது விடுவதில்லை. வகுப்பறையின் வரவேற்பு மட்டும் அழைப்போடு நிற்பதேன்? ‘விளங்கியதா?’ என்பதைவிட ‘எவ்விடத்தில் விளங்கவில்லை?’ என்று கேட்கும் ஆசிரியர் முன் தலையசைத்துத் தப்ப இயலாது. அங்ஙனம் கேட்ட பின்னும் ஒருவன் மறைப்பானாயின், அப்பொய் முழுவதும் அவனுடையதே.

முதற் பருவத் தேர்வில் மகன் தவறினால், கோட்டைமேட்டில் கடை நடத்தும் தந்தை ‘நாளை முதல் கடைக்கு வா’ என்று சொல்லுமுன், எந்தப் பாடத்தில் எவரிடம் கேட்க அவன் அஞ்சினான் என்று ஒருமுறை வினவட்டும்.