இறுதி ஆடையும் இருப்போர் கடமையும்

மனிதன் பிறந்தவுடன் அவனைத் தாங்குவதும் துணி. இறந்தபின் அவனை மூடுவதும் துணி. இவ்விரண்டையும் அவன் தேர்ந்தெடுப்பதில்லை. பிறரே அவனுக்காகத் தேர்கின்றனர். ஆகவே இறுதி ஆடை, இறந்தவரைக் காட்டிலும் இருப்பவரின் மனத்தையே மிகுதியாகக் காட்டுகிறது. அவ்வாடை எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பது சிறு வினாவாகத் தோன்றலாம். ஆயினும் அன்பு, பெருமை, பிழைப்பு, மண் ஆகிய நான்கும் அதனுள் ஒன்றோடொன்று மோதுகின்றன.

இவ்வினாவிற்குச் சட்டத்தாலேயே விடை கூற முயன்ற நாடு ஒன்று உண்டு. இங்கிலாந்து நாடாளுமன்றம் 1666ஆம் ஆண்டிலும் 1678ஆம் ஆண்டிலும் இயற்றிய சட்டங்கள், இறந்தோரை ஆட்டுமயிர்த் துணியிலேயே புதைக்க வேண்டும் என்று விதித்தன. கொள்ளைநோயால் மாண்டோர் போன்ற சிலர்க்கே விலக்கு அளிக்கப்பட்டது. கம்பளியில்தான் புதைத்தோம் என்று எட்டு நாட்களுக்குள் உறுதிமொழி அளித்தல் வேண்டும். தவறினால் ஐந்து பவுன் தண்டம். அதில் ஒரு பாதி ஊர் ஏழைகளுக்கு. மறுபாதி தகவல் தந்தவர்க்கு. அயல்நாட்டு நார்த்துணியின் வரவைக் குறைத்து உள்நாட்டுக் கம்பளித் தொழிலைக் காப்பதே சட்டத்தின் நோக்கமாகும்.

விளைந்தது என்ன? செல்வர்கள் தண்டத்தைச் செலுத்திவிட்டுத் தாம் விரும்பிய துணியிலேயே தம் உறவினரைப் புதைத்தனர். வீட்டார் ஒருவரே தகவல் கொடுத்துப் பாதித் தண்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்ட தந்திரமும் உண்டு. 1730ஆம் ஆண்டில் மறைந்த ஆன் ஓல்டுபீல்டு என்னும் புகழ்பெற்ற நடிகை, பிரஸ்ஸல்ஸ் நகரத்துப் பின்னல் ஆடையோடு அடக்கம் செய்யப்பட்டார். காலப்போக்கில் வலுவிழந்த அச்சட்டம் 1814ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. வணிகத்தின் பொருட்டு விதித்த கட்டளையை மக்கள் உள்ளம் ஏற்கவில்லை. அறம் உள்ளத்தில் வேரூன்றாத இடத்தில் சட்டம் வெறும் கட்டணமாகச் சுருங்கிவிடுகிறது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

அதே கம்பளி இன்று வேறொரு காரணத்தோடு இடுகாட்டிற்குத் திரும்பியுள்ளது. 1993ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கார்லைல் நகரில், கல்லறைக் கல்லுக்கு மாற்றாக மரம் நடும் இயற்கை இடுகாடு தொடங்கப்பட்டது. அத்தகைய இடங்களுக்கு மண்ணோடு கலக்கும் ஆடைகள் தேவைப்பட்டன. ஆட்டுமயிர் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் செடிகொடிகளுக்கு உணவாகிறது. கத்தரிக்கும் கூலிக்கும் ஈடாகாத விலைக்கு மயிரை விற்கும் ஆயருக்கும் இதனால் ஒரு வழி பிறக்கும். பெட்ரோலியத்திலிருந்து உருவாகும் பாலியஸ்டரோ, உடல் மண்ணான பின்னரும் நெடுங்காலம் மண்ணாகாமல் கிடக்கும்.

மாசாய் வட்டாரத்தில் வாழ்வோர்க்கு இது தொலைவான செய்தியன்று. பால்மரத் தோட்டங்கள் சூழ்ந்திருந்த இப்பகுதி, 1970களில் பாசிர் கூடாங் தொழிற்பேட்டை எழுந்த பின்னர் உருமாறியது. 2019ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கிம் கிம் ஆற்றில் எவரோ கொட்டிய இரசாயனக் கழிவின் நச்சுக்காற்றால் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. நாம் வேண்டாமென்று எறிவது மறைந்துபோவதில்லை. நம் பிள்ளைகளின் மூச்சில் திரும்பி வருகிறது. இப்பாடத்தை ஆற்றங்கரையில் கற்ற நாம், இடுகாட்டில் மட்டும் மறந்துவிடலாமா?

நம் வழக்கத்தை எண்ணிப் பார்ப்போம். இறந்தவர்க்குப் பிறந்த வீட்டார் கோடி கொணர்வர். சம்பந்தி வீட்டார் கொணர்வர். சங்கத்தார் சால்வை போர்த்துவர். இவற்றுள் பல இன்று பளபளக்கும் செயற்கை இழைகளே. பட்டு உயர்ந்ததன்றோ என்பர் சிலர். ஒரு பட்டுச்சேலைக்காக ஆயிரக்கணக்கான கூட்டுப்புழுக்கள் வெந்நீரில் மாள்கின்றன. ஆட்டின் மயிரைக் கத்தரிப்பதாலோ ஆடு மாள்வதில்லை. மயிர்நூல் ஆடை தமிழர்க்குப் புதியதுமன்று. மதுரை அறுவை வீதியில் பருத்தி, பட்டு ஆகியவற்றோடு மயிரால் நெய்த துணிகளும் அடுக்கப்பட்டிருந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது.

"கடைசியாக ஒருமுறை நல்லதை உடுத்திப் பார்க்கக்கூடாதா?" என்று தாயை இழந்த மகள் கேட்டால் என்ன சொல்வது? அவளுடைய அன்பைப் பழிக்க எவருக்கும் உரிமையில்லை. உயிரோடிருந்தபோது வாங்கித் தர இயலாத சேலையை இறந்தபின் போர்த்தும் ஏழையின் துயரம் ஏளனத்திற்கு உரியதன்று. ஆனால் அன்பிற்கும் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சும் அச்சத்திற்கும் வேறுபாடு உண்டு. இசுலாமியர் தம்முள் அரசனையும் கூலியாளையும் ஒரே வகையான வெள்ளைக் கபன் துணியில் அடக்கம் செய்கின்றனர். அதனால் அவர்களுடைய அன்பு குறைந்துவிடவில்லை. கடன்பட்டுக் கோடி வாங்கும் சுமையே குறைகிறது.

அப்படியாயின் ஜொகூரில் வாழும் நாமும் கம்பளிக்கு மாறிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. இந்நாட்டில் பால்மரங்களுக்கிடையே செம்மறிகளை மேயவிட்டதுண்டு. அவை களையைக் கட்டுப்படுத்தவும் இறைச்சிக்காகவும் வளர்க்கப்பட்டவை. உள்நாட்டுச் செம்மறியின் மயிரும் முரடானது. குளிர்நாட்டுக் கம்பளியைக் கடல் கடந்து வரவழைப்பது, அந்நாட்டார் செய்வதன் பொருளை விட்டு வடிவத்தை மட்டும் பற்றுவதாகும். மேலும் நம்முள் பலர் எரியூட்டும் வழக்கத்தினர். கம்பளி எளிதில் தீப்பற்றாது. எரியூட்டுவோர்க்கு எளிய பருத்தித் துணியே போதும். புதைப்போர்க்கும் அதுவே பொருந்தும். அன்னாசிக்குப் பெயர்பெற்ற ஜொகூரில் அறுவடைக்குப்பின் மிஞ்சும் இலைகளிலும் நல்ல நார் உண்டு. அந்நாரிலிருந்து இறுதி ஆடை நெய்ய இயலுமாயின், உழவர்க்கும் பயன், மண்ணுக்கும் பகையில்லை.

பட்டினத்தாரைத் துறவின்பால் திருப்பியது காதறுந்த ஊசி என்பர். அவ்வூசியே உடன் வாராதெனில் ஐந்து சால்வைகள் எங்ஙனம் உடன்வரும்? இறந்தவர் எதனையும் கொண்டு செல்வதில்லை. நாம் போர்த்துவன யாவும் இம்மண்ணிலேயே தங்குகின்றன. ஆகவே கோடி கொணரும் ஒவ்வொருவரும் சால்வைக் கடைக்குச் செல்லுமுன் துக்க வீட்டாரைக் கேட்கட்டும். ஒரு பருத்தித் துணி போதுமென்று அவர்கள் சொன்னால், எஞ்சிய பணத்தை அவ்வீட்டுப் பிள்ளைகளின் படிப்பிற்கு அளிக்கட்டும். இறந்தவர்க்கு நாம் செய்யும் மரியாதை அதனால் சிறிதும் குறையாது.