இரும்பின் கடன்

ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் என் பெரியம்மா மகள், இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியில் விழுங்கினாள். தேயிலையிலுள்ள டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. அவளுக்கும் தெரியும், கிளினிக் மிஸ்ஸி சொல்லியிருக்கிறார். "விடியக்காலைல பச்சத்தண்ணி குடிச்சுப் பாரு தம்பி, பல்லு கிட்டிக்கும்" என்றாள்.

அந்த மாத்திரையிலிருக்கும் இரும்பு, வெடித்துச் செத்த நட்சத்திரங்களுக்குள் உண்டானது என்றேன். கூடையை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "அப்ப அதுகளுக்கு நாம ஏதும் செய்யணுமா?"

பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, நேரமாகி அவள் போய்விட்டாள். கேள்வி போகவில்லை.

செத்தவர்களுக்குச் செய்வது எங்களுக்குப் பழக்கந்தான். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்கு நடந்தவர்களில் பலர் வழியிலேயே விழுந்தார்கள். பெயர் தெரியாத அவர்களுக்கும் சேர்த்து அப்பாயி படையலில் ஓர் இலை கூடுதலாகப் போடுவார். யாருக்கென்று கேட்டால் அதட்டுவார்.

1987 மாசியில் நான் சிறுவன். காமன் கூத்தில், தப்புச் சத்தத்தில் காமன் எரிந்ததும் ரதி அழுததும் ஞாபகமிருக்கிறது. அப்போதே தெற்கு வானில், மலை மறைக்காத இடத்திலிருந்து பார்த்தால் தெரியும்படி, இன்னொன்றும் எரிந்துகொண்டிருந்ததைப் பிற்பாடுதான் படித்தேன். 1,60,000 ஒளியாண்டுக்கு அப்பால் வெடித்த நட்சத்திரம் அது. அதன் நியூட்ரினோக்கள் பெப்ரவரி 23, திங்கட்கிழமை, நம் நேரப்படி பகல் ஒரு மணி கழிந்து ஐந்து நிமிடமளவில் பூமியைக் கடந்தன. சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஆயிரம் கோடி. மலையில் நின்ற பெண்கள் எல்லோருக்குள்ளும் புகுந்து போயிருக்கின்றன. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கிட்டத்தில் வெடித்தால் கதை வேறு. சில பத்து ஒளியாண்டுக்குள் என்றால் ஓசோன் படலம் சிதையும் என்கிறார்கள். 2019 கடைசியில் திருவாதிரை நட்சத்திரம் மங்கியபோது, வெடிக்கப்போகிறதோ என்று சிலர் பயந்தார்கள். அது தானே கக்கிய தூசிதான் அதை மறைத்தது. வெடித்தாலும் 500 ஒளியாண்டுக்கு அப்பால், வேடிக்கைதான் பார்க்கலாம். முன்பு வெடித்த நட்சத்திரங்களின் தூசி மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. அண்டார்டிகாவில் 500 கிலோ பனியை உருக்கி, அந்தத் தூசியின் இரும்பு-60 அணுக்கள் ஒரு சிலவற்றைப் பிடித்ததாக 2019இல் அறிவித்தார்கள். பறித்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிநாள் கூலி, போடும் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

ஆனால் அக்காவின் மாத்திரை அந்தத் தூசி அல்ல. அது சூரியனுக்கும் மூத்த இரும்பு. 460 கோடி ஆண்டுக்கு முன்பே, எவையென்றே தெரியாத நட்சத்திரங்கள் விட்டுப்போனது. அவ்வளவு தூரம் வந்தது ஒரு மிடறு தேத்தண்ணியில் நின்றுபோகிறது. அந்தத் தேயிலையை அவளே பறித்திருக்கவும் கூடும். இதைத் தாண்டி என் யோசனை நகரமாட்டேன் என்கிறது. மாத்திரைக்கென்று தனியாக வெந்நீர் வைக்க விறகும் நேரமும் இல்லாத காலையில் நட்சத்திரத்தைப் பற்றி எதற்குப் பேசினேன்?

திருவாதிரைக்குக் களி படைக்கிறோம். அது இன்னும் சாகவே இல்லை. கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால்தானே கடன், நட்சத்திரத்துக்கு என்ன தெரியும் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மாத்தளை வழியில் விழுந்தவர்களும் என்னை நினைத்தா விழுந்தார்கள் என்று இன்னொரு நாள். அப்பாயி இருந்திருந்தால் அதட்டலோடு முடித்திருப்பார். எனக்கு அதட்டவும் வரவில்லை, பதிலும் வரவில்லை.