கனவில் அறிவும் உறக்கத்தில் இளைப்பும்

உறங்கி எழுந்தவனொருவன் உறங்குமுன் இருந்ததினும் களைத்திருப்பானாயின், அவன் இரவெல்லாம் எங்கே உழைத்தான்? இவ்வினாவை வைத்தியரும் மனநூல் வல்லாருமே விசாரிக்கற்பாலரென்று நம் ஆசிரியர் சிலர் எண்ணுவர். நாம் அவ்வாறு எண்ணுகின்றிலேம். நனவு, கனவு, உறக்கம் என்பவற்றை அவத்தையென்று பெயரிட்டு, அவை ஒவ்வொன்றிலும் ஆன்மாவோடு கூடி நிற்குங் கருவிகள் இத்துணையென்று எண்ணிக் கணக்கிட்டு வைத்த சாத்திரம் நம்முடையது. அக்கணக்குப் பரீட்சைக்கு மனனம் பண்ணுதற்குமட்டும் உரியதாய்ப் போய்விட்டது. அதனை எடுத்து ஒரு வாழ்க்கைத் துன்பத்தின்மேல் வைத்துப் பார்ப்பார் அரியர்.

ஈண்டு நாம் எடுத்துக்கொண்டது ஒருவகைக் கனவு. காண்பவன் அது நிகழும்பொழுதே, "இது கனவு" என்று அறிகின்றான், அறிந்தும் விழித்துக்கொள்கின்றிலன், சிலர் அக்கனவைத் தாம் வேண்டியவாறு திருப்பவும் வல்லராகின்றனர். இது புதுமையன்று. உறங்குவோனுக்குள்ளே ஏதோவொன்று, தோன்றுவது கனவேயென்று சொல்லுவதுண்டென அரிஸ்டாட்டில் எழுதினார். கி. பி. 415ஆம் ஆண்டளவில் அகுஸ்தீனார் எழுதிய கடிதமொன்றில், கார்த்தேஜ் நகரத்து வைத்தியர் ஜென்னாதியுஸ் என்பவரின் கனவு வருகின்றது. கனவிலே ஓர் இளைஞன் தோன்றி, "உன் உடம்பு இப்பொழுது எங்கே?" என்று கேட்க, அவர், "படுக்கையில்" என்றார். "உன் கண்கள் அங்கே மூடிக் கிடக்கின்றனவே, என்னை எந்தக் கண்ணாற் காண்கின்றாய்?" என்று அவன் மீட்டுங் கேட்க, அவர் விடை காணாது நின்றார். நாம் கற்ற மிஷன் பாடசாலையில் யோசேப்பின் கனவையும் தானியேலின் கனவையும் பலமுறை ஒப்புவித்தோம். இந்தக் கடிதத்தை ஒருவரும் நமக்குக் காட்டிற்றிலர். காட்டியிருப்பின், சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரத்தை இன்னும் விரைவில் விளங்கியிருப்போமென்று இப்பொழுது தோன்றுகின்றது.

இவ்வகைக் கனவுக்கு இன்று மேனாட்டில் வழங்கும் பெயரை 1913இல் ஒல்லாந்தராகிய பிரெடெரிக் வான் ஈடன் இட்டார். 1953இல் சிக்காகோவில் அசெரின்ஸ்கி, கிளெய்ட்மன் என்னுமிருவர், உறக்கத்தின் ஒரு பகுதியில் மூடிய இமைக்குள்ளே கண்மணி விரைந்து அசைகின்றதென்றும், அப்பொழுது எழுப்பினால் உறங்கினோர் பெரும்பாலும் கனவு சொல்லுகின்றனரென்றும் கண்டனர். அப்பகுதியில் உடம்பின் தசைகள் செயலற்றுக் கிடக்கும். கண்மணியை அசைக்குந் தசை அவ்வாறு கிடப்பதில்லை. இதனைப் பற்றுக்கோடாகக்கொண்டு 1975இல் இங்கிலாந்தின் ஹல் நகரத்துப் பல்கலைக்கழகத்திலே கீத் ஹேர்ண், அலன் வோர்ஸ்லி என்பவரை உறங்கச்செய்து, கனவென்று அறிந்தவுடன் கண்ணை இடமும் வலமுமாக முன்பு பேசிக்கொண்டபடி அசைக்குமாறு ஏற்பாடு செய்தார். அக்குறி கருவியிற் பதிந்தது. பின்னர் அமெரிக்காவில் ஸ்டீபன் லபேர்ஜ் என்பவர் தாமாகவே இவ்வழியைக் கண்டு நிலைநாட்டினார். ஆகவே இக்கனவு உண்மையாக நிகழ்வதென்பதில் இனி ஐயமில்லை. ஐயமெல்லாம் அதற்கு நாம் கொடுக்கும் பெயரிலும் மதிப்பிலுமே உள்ளது.

கண்டியைச் சூழ்ந்த தோட்டப்புறப் பாடசாலையொன்றிற் கற்பிக்கும் இளம் ஆசிரியரொருவர் இது குறித்து நம்மிடம் வந்தார். பெரும்பாலான இரவுகளில் அவர் கனவிலே கண்டி வாவிக்கரையில் நடக்கின்றார். கரைமதிலில் விளக்கு வைத்தற்கென்று விட்ட துவாரங்களை எண்ணுகின்றார். எண்ணுந்தோறும் தொகை மாறுகின்றது. மாறுதலால் இது கனவென்று தெளிகின்றார். தெளிந்தபின் வாவியின் நீர்மேல் நடக்கின்றார், மலைமேற் பறக்கின்றார், சில நாளில் விடைத்தாள் திருத்துகின்றார். (ஆசிரியராயினார்க்குப் பறக்குங் கனவிலும் விடைத்தாள் தப்பாது போலும்.) தொடக்கத்தில் இது தானே வந்தது. நண்பரொருவர், "இது துரியாவத்தை, பூர்வ புண்ணியத்தால் உனக்கு எளிதில் வாய்த்தது" என்றார். அயலாரொருவர், "பேயின் தொழில், செபம் பண்ணிக்கொள்" என்றார். நண்பர் சொல்லே இனித்தது. அதன்பின் கைபேசியிற் கண்ட முறைப்படி, படுத்து ஐந்து மணிநேரத்தில் மணியடிக்க வைத்து எழுந்து, சிறிதுபோது விழித்திருந்து, கனவை நினைந்துகொண்டே மீண்டும் படுத்து, அதனை வளர்த்து வந்தார். ஓராண்டாயிற்று. கண்ணின் கீழ்க் கருமை படர்ந்தது. முதற்பாடவேளையிலே சிறு பிழைக்கும் பிள்ளைகள்மேற் சினம் மூண்டது. "ஐயா, இந்தக் களைப்புத் தவத்தால் வரும் களைப்புத்தானா? தொடரலாமா?" என்பது அவர் வினா.

துரியமென்னும் பெயரில் நேர்ந்த மயக்கத்தையே முதலில் நீக்குதல் வேண்டும். ஆன்மா நனவில், அஃதாவது சாக்கிரத்தில், புருவநடுவில் நின்று 35 கருவிகளோடு தொழிற்படும். சொப்பனத்திலே கண்டத்தில் நிற்கும்; ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்தும் நீங்க, எஞ்சியவை 25. சுழுத்தியிலே இருதயத்தில் சித்தம், பிராணன், புருடன் என மூன்று. துரியத்திலே உந்தியில் பிராணனும் புருடனுமாக இரண்டு. துரியாதீதத்தில் மூலாதாரத்தில் புருடன் ஒன்றே. இது கீழாலவத்தை. இதிலே துரியமென்பது கனவினும் மேலான அறிவன்று. சித்தமும் ஓய்ந்த பேருறக்கம். இனி, அருள்வயத்தால் நிகழும் நின்மலாவத்தையிலும் துரியமுண்டு. அது சிவத்தை அறியும் நிலை. தன் கனவைத் தான் ஆண்டு விளையாடும் நிலையன்று. ஆகவே நண்பர் சொல் கீழ்நோக்கிப் பார்ப்பினும் பொருந்தாது, மேல்நோக்கிப் பார்ப்பினும் பொருந்தாது. வேறு சமயநூல்களிலே துரியமென்னுஞ் சொல் வழங்கும் பொருளை நம் கணக்கிற் கொண்டுவந்து புகுத்துதலால் வரும் இடர் இது. வகுப்பிற் கற்பிக்கும்பொழுது கீழால், மத்தியால், மேலால் என மூவகையையும் வேறு பிரித்துக் காட்டுதல் இதனாலேயே இன்றியமையாததாகின்றது.

அற்றேல், "இது கனவு" என்று கனவிலே அறிந்தது எதனாலெனின், கூறுதும். சொப்பனத்தில் எஞ்சிநிற்கும் 25 கருவிகளில் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணம் நான்கும் குறைவின்றி உள்ளன. நிச்சயிப்பது புத்தி. நான் அறிந்தேனென்று எழுவது அகங்காரம். இவையிரண்டும் அங்கே இருப்பவே "இது கனவு" என்னும் நிச்சயம் எழுதற்குப் புதிய அவத்தை ஒன்றும் வேண்டா. பொதுவாகக் கனவிலே புத்தி மழுங்கி நிற்கும்; இவருக்குக் கூர்மையாய் நின்றது; வேற்றுமை அவ்வளவே. 2009இல் ஜெர்மனியில் உர்சுலா வோஸ் முதலியோர் இந்நிலையில் மூளையின் மின்னசைவை ஆராய்ந்து, இது கனவுறக்கத்தின் இயல்பும் விழிப்பின் இயல்பும் கலந்து நிற்பதென்றனர். நம் கணக்கோடு இது முரணவில்லை. கண்மணி அசைந்ததே, கன்மமும் ஞானமும் செய்யும் இந்திரியம் நீங்கியதென்பது எங்ஙனமென்று ஒருவர் கேட்கலாம். அசைந்தது கண்ணென்னும் தசை. காணும் ஆற்றலாகிய இந்திரியம் அங்கே தொழிற்பட்டதில்லை. ஜென்னாதியுஸைக் கேட்ட வினாவுக்கும் இதுவே விடை.

நிற்க. களைப்பு எவ்வாறு வந்தது? அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் இவ்வவத்தைகளுக்கு ஓர் உவமை சொல்லுகின்றார். படையோடு உலாப்போன அரசன் அரண்மனைக்கு மீளும்பொழுது, வாயில்தோறும் உடன்வந்தாரை விட்டுவிட்டு, காவலும் வைத்து, தனியே உள்ளறை புகுகின்றான். ஆன்மாவும் அவ்வாறே கருவிகளை இடந்தோறும் விட்டு, பிராணவாயுவைக் காவலாக்கி உள்ளே செல்லுகின்றது. 1815ஆம் ஆண்டுவரை அரசிருந்த நகரத்தில் வாழும் நமக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். நம் இளம் ஆசிரியர் செய்தது யாது? இரண்டாம் வாயிலிலே நின்று, அமைச்சரைப் போகவிடாது, இரவு முழுதும் கொலுவிருந்தார். போதாக்குறைக்கு, உள்ளே செல்லப்புகுந்தபொழுதெல்லாம் மணியடித்துத் தம்மை வெளியே அழைத்தார். உறக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணிநேரத்துக்கு ஒருமுறை வட்டமாக வருவதென்றும், ஆழ்ந்த உறக்கம் இரவின் முற்பகுதியிலும் கனவுறக்கம் பிற்பகுதியிலும் மிகுவதென்றும் இன்றைய ஆராய்ச்சியாளர் கூறுவர். இக்கனவு தானே களைப்பைத் தருமா என்பதில் அவர்கள் ஒருமைப்பட்டிலர். துர்க்கனவால் வருந்துவோர்க்கு இதனையே மருந்தாகக் கற்பிக்க முயன்றோரும் உளர். உறக்கத்தை நடுவே வெட்டிப் பல மாதங் கழித்தவன் களைப்பானென்பதற்கோ ஆராய்ச்சி வேண்டா.

சுழுத்தி இருளே, ஞானமன்று. ஆயினும் அதனை இகழ்தல் சைவர்க்கு அடாது. இறைவன் ஐந்தொழிலில் சங்காரத்தை நம் ஆசாரியர்கள் கொடுமையென்று கொண்டாரில்லை. பிறந்திறந்து எய்த்த உயிர்களின் இளைப்பை ஒழித்தற்பொருட்டென்று கொண்டனர். நாள்தோறும் வரும் சுழுத்தி அதன் சிற்றுருவம். பகலெல்லாம் "நான், எனது" என்று ஓடியவன் அவற்றை இறக்கிவைக்கும் இடம் அது. அங்கேயும் நானே ஆளுவேனென்று புகுதல், நோயாளி வைத்தியன் கையைத் தட்டுவதை ஒக்கும்.

பெரியபுராணத்திற் கனவுகள் பலவுள. திலகவதியார்க்கு இறைவன் கனவில் வந்து, தம்பியாரைச் சூலை தந்து ஆட்கொள்வேமென்றான். பூசலார் மனத்திலே கட்டிய கோயிலிற் புகுதற்பொருட்டு, காடவர்கோன் குறித்த நாளை மாற்றுமாறு அவ்வரசன் கனவிலே பணித்தான். இவருள் ஒருவரேனும் கனவைத் திருப்பினாரல்லர், கேட்டனர். அரசன் விழித்தெழுந்து திருநின்றவூருக்குச் சென்று, கோயிலைத் தேடிக் காணாது, பூசலாரை அடைந்து வணங்கினான். கனவின் பயன் காலையிற் செய்த செயலிலே கிடந்தது. இந்த அளவுகோலை நாம் எல்லாக் கனவுக்கும் வைக்கலாமென்று கருதுகின்றோம். காலையிற் பிள்ளைகள்மேற் சீறுமாறு செய்யும் கனவு எத்துணை ஒளியுடையதாயினும் அதனைச் சிவப்பேறென்று கொள்ளற்க.

இக்கனவிற் செய்யுஞ் செயலுக்கு வினையுண்டா என்றும் அவர் கேட்டார். வினா நன்று. மயங்கிக் காணுங் கனவிலே தெரிவு இல்லை; அங்கே நிகழ்ந்ததற்கு வெட்கப்பட்டு வருந்துவோர் வீணே வருந்துகின்றனர். ஆனால் ஆகாமியம் மனம், வாக்கு, காயம் மூன்றாலும் ஏறுவதன்றோ? கனவென்று தெளிந்து, இது செய்வேன், இது செய்யேன் என்று தெரிந்து செய்யுமிடத்து மனத்தின் செயல் உளது. யாரையும் அது வருத்தாமையின் சிறிதேயாம். எனினும் பகலில் நாணுவதனை இரவில் விரும்பிப் பயிலும் மனம் பகலிலும் அந்த வழியே சாயும். நீர்மேல் நடந்தமைக்கு அவர் அஞ்சவேண்டுவதில்லை. தாமே வரும் கனவைத் தடுக்க இயலாது களைப்போர்மேல் குற்றஞ் சுமத்தலும் அறமன்று. அவரை ஞானியென்று வாழ்த்துதலும் பேய்பிடித்தவரென்று ஒதுக்குதலும் ஒரே கொடுமையின் இரு வகை. இரண்டும் அவரை வைத்தியரிடம் போகவொட்டாது தடுக்கின்றன. குறட்டையோடு மூச்சு இடையிடையே அடைபடுதல், மனச்சோர்வு, மருந்தின் விளைவு முதலிய காரணங்கள் பல இருத்தல் கூடும்.

நாவலரவர்கள் சைவ வினாவிடையில் சூரியோதயத்துக்கு ஐந்து நாழிகைக்கு முன் எழவேண்டுமென விதித்தார்கள். கண்டியில் அது ஏறக்குறைய காலை 4 மணி. விளக்கணைத்து ஒன்பது மணிக்கு உறங்கினோர்க்கு அந்த விதி நன்று. பதினொன்றரைவரை கைபேசியைப் பார்த்திருந்து நான்கு மணிக்கு எழுவோன் விதியிற் பாதியைக் கைக்கொண்டு தன்னைத் தண்டிக்கின்றான். கோயில்களில் அர்த்தசாம பூசை முடிந்தபின் இறைவனைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்து திருக்காப்பிடுகின்றோம். உறங்காதவனுக்கு உறக்கம் எதற்கு? நமக்குக் காலங் காட்டுதற்கேயாம். திருநீறணிந்து, அன்றைய செயல்களை அவன் திருவடியில் வைத்து, ஒன்றையும் வேண்டாது படுத்துக்கொள்ளுமாறும், மணியை நிறுத்துமாறும், ஒரு திங்களிற் குறையாவிடின் வைத்தியரைக் காணுமாறும் அவருக்குச் சொன்னோம். கனவு வந்தால் வரட்டும், மதிலின் துவாரங்களை எண்ணவேண்டாமென்றுஞ் சொன்னோம். எண்ணாதிருத்தல் தமக்கு மிகவும் அரிதென்றார்.

இதே கண்கொண்டு நம் மாணவரையும் பார்த்தல் வேண்டும். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக இருட்டும்வரை தனிவகுப்பிலிருந்து, பின் வீட்டிலே பயிற்சித்தாள் எழுதி, விடியுமுன் எழுப்பப்படும் பத்து வயதுப் பிள்ளையும், லயத்து ஒற்றையறையிலே ஐவரோடு படுத்து, தாய் கொழுந்துக்குப் புறப்படும் ஓசையில் விழிக்கும் பிள்ளையும் முதற்பாடவேளையிலே தலைசாய்க்கின்றனர். எசல பெரஹெரா நாட்களில் நகரத்துப் பிள்ளைகள் பாதியும் அவ்வாறே. சோம்பலென்று பெயரிட்டுப் பலகைமேல் ஏற்றி நிறுத்துவோர் இன்னும் உளர். இரவு எத்தனை மணிக்குப் படுத்தாயென்று முதலிற் கேட்டுவிட்டுப் பின் வேண்டியது செய்க. தேவாரம் ஓதும் கால்மணிநேரமும் சிலர் உறங்குவர். அவர்களை நாம் எழுப்புவதில்லை.