அவசரத் தீர்ப்பு



மோயீசன் காலத்திலே ஒருவன் சரீரத்தில் வெண்புள்ளி கண்டால் அவனை ஆசாரியனிடம் கொண்டுபோவார்கள். சந்தேகமாயிருந்தால் ஆசாரியன் உடனே அவனைக் குஷ்டரோகி என்று சொல்லிவிடக் கூடாது. ஏழு நாள் தனியே வைத்து மறுபடி பார்க்க வேண்டும். இன்னும் ஏழு நாள் கழித்து மூன்றாந்தரமும் பார்க்க வேண்டும். லேவியராகமம் 13-ம் அதிகாரத்தில் இதை வாசிக்கலாம். அந்த ஒரு வார்த்தையால் மனிதன் வீட்டையும் ஊரையும் இழந்துபோவான். ஆகையால் அதைச் சொல்லுமுன் நிச்சயம் வேண்டியிருந்தது.

இந்தப் பொறுமையை நம்முடைய பட்டணத்திலும் கண்டோம். 1986-ம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் சுநீதி சாலமன், எய்ட்ஸ் நோய் நம் தேசத்தில் உண்டா என்று ஆராயும்படி தம் மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவிடம் சொன்னார். அதுவரை இந்தியாவில் அது கண்டறியப்படவில்லை. பாலியல் தொழிலில் அகப்பட்ட பெண்களிடம் நிர்மலா இரத்தம் எடுத்து, சீரத்தைத் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்து, ரயிலேறி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். அங்கே எலைசா சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாயின.

உடனே ஊரெங்கும் பறைசாற்றினார்களோ? இல்லை. வாய் திறவாமல், அதே ஆறு பெண்களிடம் திரும்பவும் இரத்தம் எடுத்தார்கள். அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், வெஸ்டர்ன் பிளாட் என்னும் வேறொரு சோதனையால் நிச்சயப்படுத்தினார்கள். அதற்குப் பிற்பாடே சட்டசபையில் அறிவிக்கப்பட்டது.

இரண்டாம் சோதனை ஏன்? ஒரு சோதனை நூற்றுக்கு ஒன்று தவறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 பேரில் மெய்யாகவே நோயுள்ளவர் 10 பேர். மற்ற 9,990 பேரில் ஏறக்குறைய 100 பேருக்கும் நோய் இருப்பதாகக் காகிதம் சொல்லும். அந்த 110 பேரில் 100 பேர் நிரபராதிகள்! நல்ல சோதனையே இப்படியென்றால், குழாயில் பெயர் மாறி ஒட்டினால் என்ன ஆகும்?

பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்யும் நம் பங்குப் பிள்ளைகளே, உங்கள் கைக் குழாயில் இருப்பது ஒரு குடும்பத்தின் சமாதானம். சந்தேகம் வந்தால் மறுபடி செய்யுங்கள். வீட்டு வாசலைத் தாண்டும்போது கண்டதை மறந்துவிடுங்கள். தாய் தகப்பன்மாரே, காகிதத்தில் தடித்த எழுத்தைக் கண்டதும் அழவேண்டாம், வைத்தியரிடம் காட்டுங்கள். அயலாருடைய காகிதமோ, நமக்கு வேண்டவே வேண்டாம். மருந்துக்கடை வாசலில் காதில் விழுந்த ஒரு சொல்லால் நிச்சயமான கலியாணம் நின்றுபோனால், அந்தப் பாவத்துக்கு யார் உத்தரம் சொல்வது? 2017-ம் ஆண்டுச் சட்டமும், எச்.ஐ.வி. உள்ளவருடைய செய்தியை அவர் சம்மதமின்றி வெளியிடலாகாது என்கிறது.

நோய் மெய்யே என்று நிச்சயமானால்? டாக்டர் சுநீதி அத்தோடு விட்டுவிடவில்லை. உலகம் தள்ளிய அந்நோயாளிகளுக்காக 1993-ம் ஆண்டில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிலையத்தைத் தொடங்கினார். தரமணி வி.எச்.எஸ். மருத்துவமனையிலும் அதன் பணி நடந்தது. 2015-ம் ஆண்டில் இறக்குமட்டும் அவர்களைக் கைவிடவில்லை.

நம் ஆண்டவர் செய்ததும் இதுவே. குஷ்டரோகியைக் கண்டு விலகாமல், கைநீட்டித் தொட்டுக் குணமாக்கினார். பிறகு, ஒருவரிடமும் சொல்லாமல் ஆசாரியனிடம் போய்க் காண்பிக்கும்படி கட்டளையிட்டார் என்று அர்ச். மாற்கு எழுதுகிறார். சோதனையையும் மதித்தார், இரகசியத்தையும் காத்தார். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னே தொட்டார்.

இந்த வாரம் நம்முடைய நாவினால் யாருக்காவது அவசரத் தீர்ப்பு எழுதினோமா என்று ஆத்தும சோதனை செய்வோமாக. எழுதியிருந்தால், அவர் வீட்டுக்குப் போய் ஒரு நாழிகையாவது அருகில் உட்கார்ந்து வருவோமாக.

ஆமென்.